துட்டி கழித்த படம்

அந்தப் படத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதிய ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. பேப்பரில் திட்டினார்கள். யூடியூபில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திட்டினார்கள். ஒரு பையன் காருக்குள் இருந்தபடியே, சீட்டு பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் திட்டினான். கதை இல்லை, லாஜிக் இல்லை, காது கிழிகிறது, இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி எங்கே போனாள் என்று எடுத்தவருக்கே தெரியாது. எல்லாம் வாஸ்தவம். துப்பாக்கியில் குண்டு தீரவே தீராத படம் அது. கதாநாயகன் ஓடுகிற லாரியைக் கயிறு போட்டு நிறுத்துவான். இருந்தாலும் சொல்கிறேன், என் ஆயுசில் நான் அப்படி ரசித்துப் பார்த்த சண்டைப்படம் வேறொன்று கிடையாது. என் வீட்டுக்காரியும் அப்படித்தான். அதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதை அவரவர் வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு ஊர் போடி. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மெஷினும் ஓஸ் பைப்பும் விற்கிற கடை ஒன்று பஜாரில் வைத்திருக்கிறேன். மகளைக் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறோம். மகனுக்குக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. ஜீப் வாங்கினான். காலையில் முந்தல் வழியாக மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவான். போடிமெட்டுச் சாலையின் வளைவு ஒவ்வொன்றும் அவனுக்குக் கைரேகை மாதிரி. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி மழை முடிகிற நேரம். அன்றைக்கு ஆள் ஏற்றவில்லை. உரமூட்டை கொண்டுபோய் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். மூடுபனி. ஒரு வளைவில் ஜீப் பள்ளத்துக்குள் போய்விட்டது. மறுநாள்தான் மேலே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வெள்ளைத்துணியால் சுற்றி, இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். "யாரும் பிரிக்காதீக, பொம்பளைக பாக்குற மாதிரி இல்ல" என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்ட நான் பார்த்திருந்தேன். அவள் பார்க்கவில்லை. பெற்றவள் முகம் பார்க்காமல் பிள்ளை போய்ச் சேர்ந்தான்.

அவள் அழவில்லை. சொன்னால் நம்புவது கஷ்டம். மாரடித்துக்கொண்டு வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் மரம் மாதிரி நின்றாள். "அழுதுரு ஆத்தா, அடக்காத, நெஞ்சு வெடிச்சிரும்" என்று கன்னத்தில் தட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. வந்தவர்களிடம் "சாப்ட்டீகளா, காப்பி குடிச்சீகளா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயில் ஒரு பருக்கை இறங்கவில்லை. தூங்கவில்லை. கருமாதிக்குள் ரவிக்கை தோளில் இருந்து நழுவுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். மகன் போனது போனதுதான், இவளும் அவன் பின்னாலேயே போய்விடுவாளோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த பயம். ராத்திரி அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கருமாதி முடிந்ததும் துட்டி வீட்டுக்காரர்களை, அதாவது சாவு விழுந்த வீட்டாரை, மாமன் வீட்டார் சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள். துக்கத்தை வீட்டை விட்டுக் கிளப்புவதற்கு அது வழி. டிக்கெட், வேன், இடைவேளைக்கு முறுக்கு, கலர் சோடா எல்லாம் அவர்கள் பொறுப்பு. மொட்டைத்தலையும் துண்டுமாக ஒரு வரிசை பூராவும் ஒரே குடும்பம் உட்கார்ந்திருந்தால், தேனியில் எந்தத் தியேட்டர்க்காரருக்கும் விஷயம் புரிந்துவிடும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

என் மகனுக்குத் தாய்மாமன், அதாவது அவளுடைய தம்பி, பழனிசெட்டிபட்டியில் இருக்கிறான். கருமாதிக்கு மறுநாள் எனக்குப் போன் செய்தான்.

"மச்சான், குடும்பப் படம் ஒண்ணு ஓடுது. ஆனா அதுல மகன் செத்துப்போறானாம், அம்மாக்காரி பாட்டுப் பாடி அழுகுதாம். அது வேண்டாம்."

"வேண்டவே வேண்டாம் மாப்ள."

"சாமிப் படம் ஒண்ணு இருக்கு. அக்கா இப்ப சாமி மேல என்ன கோவத்துல இருக்கோ, அதுவும் வேண்டாம். சண்டைப்படம் ஒண்ணு வந்திருக்கு. அதுன்னா வம்பில்ல. அடிப்பான், ஒதைப்பான், முடிஞ்சிரும். படம் நல்லா இல்லைன்னு எல்லாரும் கழுவிக் கழுவி ஊத்துறாக, அதனால ஒரு வரிசை மொத்தமாக் கெடைக்குது."

தியேட்டர்க்காரரிடம் ஏசி இருக்கிறதா என்று கேட்டான், மதியக் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டான், ஆளுக்கொரு சீட்டு உண்டா என்று கேட்டான். படத்தில் ஜீப் வருமா என்று கேட்க அந்தப் பாவிக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

வேனில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தியேட்டரில் அவளை நடுவில் உட்காரவைத்தோம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் தம்பி. படம் ஆரம்பித்ததும் சத்தம் கூரையைப் பிய்த்தது. முதல் பத்து நிமிஷத்தில் ஒரு மார்க்கெட் காலி. தர்பூசணிகள் பறந்தன. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு அதெல்லாம் தலைவலி. எங்களுக்கு அது சொர்க்கம். அந்தச் சத்தத்தில் மனசுக்குள் எதுவும் கேட்காது. வில்லன் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே ஆட்களைக் கொல்லச் சொல்லுவான். உரித்த பழத்தை ஒரு தடவையும் தின்னமாட்டான். ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு, பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு என்ன சிரிப்பு என்று நானே என்னை வைதுகொண்டேன். பக்கத்தில் அவள் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

கடைசியில்தான் வந்தது வினை. ஒரு மலைக்கிராமத்தை வெடிவைத்துத் தகர்க்க வில்லன் ஜீப்பில் குண்டை ஏற்றிக் கொண்டுவருகிறான். கதாநாயகன் அந்த ஜீப்பில் தாவி ஏறி, ஸ்டியரிங்கைப் பிடுங்கி, வில்லனோடு சேர்த்துப் பள்ளத்தை நோக்கித் திருப்புகிறான். வளைவு, மூடுபனி, ஜீப்.

வரிசை முழுக்க எங்கள் ஆட்கள் கல்லாகிவிட்டார்கள். தம்பி எழுந்து, "அக்கா, வாக்கா போவோம், வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். நான் அவள் கண்ணை மறைக்கக் கையைக் கொண்டுபோனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருங்க" என்றாள்.

ஜீப் விழுந்தது. சும்மா விழவில்லை, பாறைக்குப் பாறை மோதி, உருண்டு, கீழே போய் வெடித்தது. சத்தம் நின்றது. மேலே கிராமத்து ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். புகை. ரொம்ப நேரம் வெறும் புகை. பிறகு பாறை விளிம்பில் ஒரு கை. கதாநாயகன் ஏறி வருகிறான். சட்டையில் கொஞ்சம் புழுதி, அவ்வளவுதான். தலைமுடியில் ஒட்டிய ஒரு இலையை எடுத்து ஊதிவிட்டு நடந்து வருகிறான். அத்தோடு படம் முடிகிறது.

அவள் கைதட்டினாள். முதலில் மெதுவாக ஒரு தட்டு. பிறகு பலமாக. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தம்பி முதலில் தட்டினான், பிறகு நான், பிறகு மொட்டைத்தலை வரிசை மொத்தமும் தட்டியது. முன்வரிசையில் இருந்த பையன்கள், இந்தப் படத்துக்கு யாருடா கைதட்டுகிறது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

வேனில் திரும்பும்போது அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "சட்டைகூடக் கிழியல, பாத்தீகளா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பயம் விட்ட சிரிப்பு. அன்று ராத்திரி தட்டில் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தூங்கினாள். குறட்டை வந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நான் முழித்துக் கிடந்தேன். எந்தப் பாட்டும் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். "அந்தப் படம் இன்னும் ஓடுதா?"

"ஓடுதுன்னுதான் நெனைக்கிறேன். ஏன்?"

"இன்னொருக்கா போவமா?"

கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற என் அக்காவுக்கு எப்படியோ தெரிந்துபோனது. மறுநாளே வந்து வாசலில் நின்றாள். "ஏலே, முறைக்கு ஒருக்காப் போனீக, சரி. பெறகும் ரெண்டு பேரும் சோடி போட்டுக்கிட்டுப் போனா ஊரு என்னலே பேசும்? வருசம் திரும்பல. தீவாளி, பொங்கல்னு எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுல சினிமா கேக்குதாக்கும்?"

"ஊரு வாய மூட ஒல மூடியா இருக்கு? பேசட்டும்" என்றேன். "அவ சோறு திங்கிறாக்கா. தூங்குறா. அதுக்கு ஊரு ஒரு வழி சொல்லுச்சா?"

அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். பிறகும் போனோம். படம் எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வில்லன் ஆரஞ்சை எடுத்தால் அவள், "ஆரம்பிச்சிட்டான் வெளங்காதவன், இந்தத் தடவையாச்சும் ஒரு சுளை திங்கிறானா பாரு" என்பாள். லாரியைக் கயிறு போட்டு நிறுத்துகிற இடத்தில் நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு இழுப்பேன். கதாநாயகி காணாமல் போன பிறகு, "அந்தப் பிள்ள எங்கன போச்சோ, ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கும்" என்பாள். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சிரித்ததில்லை. அப்போது கடை, கடன், பிள்ளைகள். இப்போது ஒன்றுமில்லை. அந்த இருட்டில் எங்கள் கையில் ஒரு பொட்டலம் பொரிகடலையும் ஒரு கூறுகெட்ட படமும் இருந்தன.

மகள் கோயம்புத்தூரில் இருந்து போன் செய்தாள். அத்தைக்காரி சொல்லிவிட்டிருக்கிறாள்.

"அப்பா, அம்மாவ அந்தப் படத்துக்கா திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போறீக? அது கேவலமான படம்ப்பா. யாரும் நல்லதாச் சொல்லல."

"யாரு சொல்லணும்? படம் பாக்க எவன்ட்டயும் சீட்டு வாங்கிட்டு வரணுமோ?"

"ஒருத்தர் எழுதினதை அனுப்பியிருக்கேன், படிச்சுப் பாருங்க."

படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். எழுதியவர் மற்றதையெல்லாம் போகிறபோக்கில் திட்டிவிட்டு, கடைசிக் காட்சிக்கு வந்ததும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்கியிருந்தார். அவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்தவன் எழுந்து வருவது பார்க்கிறவர்களை முட்டாளாக்குவதாம். அந்தப் பள்ளத்திலேயே அவன் செத்திருந்தால் படத்துக்கு ஒரு கனம் கிடைத்திருக்குமாம்.

கனமாம்! எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறியப் போனேன். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஐயா, செத்த வீட்டின் கனம் எவ்வளவு என்று தெரியவேண்டுமென்றால் போடிக்கு வாரும். ஒரு முனையை நீர் பிடியும், ஒரு முனையை நான் பிடிக்கிறேன், தூக்கிப் பார்ப்போம். கற்பனையில்கூட ஒருத்தன் எழுந்து வரக்கூடாதா? விழுந்தவன் சாவான் என்று எங்களுக்குத் தெரியாதா? இதையெல்லாம் மகளிடம் கத்தினேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சன்னமான குரலில் கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்ப்பா. அம்மாவுக்குத் தெரியுமா? அது அந்தப் படத்துல எதைப் பாக்குதுன்னு யோசிச்சீகளா?"

போனை வைத்துவிட்டேன். யோசிக்காமல் இல்லை. அதற்குள் சில விஷயங்கள் நடந்திருந்தன. ராத்திரி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டால் அவள் எழுந்துபோய் எடுத்துவிட்டு வந்து படுத்தாள். "புழுக்கமா இருக்கு" என்றாள். மார்கழியில் என்ன புழுக்கம்? சோறு வடிக்கும்போது ஒரு ஆள் அளவு கூடவே வடித்தாள். ஒருநாள் மதியம் எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பள்ளத்துல ஓடை ஒண்ணு இருக்குல்ல? அதைப் பிடிச்சே நடந்தா எங்கன வந்து ஏறலாம்?"

ஏதோ வழி கேட்கிறாள் என்று நினைத்து, "முந்தல் பக்கம் வரலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் தலையாட்டிக்கொண்டாள். மனசுக்குள் கணக்குப் போடுகிற மாதிரி.

"நீங்க மொகத்தப் பாத்தீகளா?" என்று அடுத்துக் கேட்டாள்.

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தீகளா? அவன்தானா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். நான் பார்த்ததை விவரித்திருந்தால் அவள் நம்பியிருப்பாள். அதை எந்த வாயால் சொல்வது? அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்துபோனது. அவளுக்குச் சோறு இறங்குவதும் தூக்கம் வருவதும் அந்த நம்பாமையால்தான் என்பதும் தெரிந்தது. அதைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பிடுங்காமல் விட்டால் என்ன ஆகும்? படத்துக்குக் கூட்டிப்போவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

ஆள் வரவில்லை என்று தேனியில் படத்தை எடுத்துவிட்டார்கள். கம்பத்தில் ஒரு தியேட்டரில் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டதும் பஸ் ஏறினோம். தேவாரம், உத்தமபாளையம் தாண்டி, திராட்சைப் பந்தல்கள் ஆரம்பித்ததும் அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பன்னீர்த் திராட்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிக் காட்சி வந்தது. ஜீப் வளைவில் திரும்புகிறபோது, பக்கத்து சீட்டில் இருந்த ஒரு சின்ன வயசுப் பெண் "ஐயோ" என்று முகத்தை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரி அவள் முழங்கையைத் தொட்டு, "பயப்படாத ஆத்தா, எந்திரிச்சிருவான்" என்றாள். அவ்வளவு அன்பாக, அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். எனக்கு அந்த இருட்டில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். கதாநாயகன் எழுந்து வந்தான், அவள் கைதட்டினாள், நானும் தட்டினேன்.

கம்பத்திலும் படம் நிற்கவில்லை. தை மாசத்தில் ஆண்டிபட்டியில் போட்டிருப்பதாகப் போஸ்டர் பார்த்தேன். போஸ்டரின் குறுக்கே, விறுவிறுப்பு கூட்டப்பட்டது என்று புதிதாக ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்ன தெரியும்?

மதியக் காட்சி. தியேட்டரில் மொத்தமே கொஞ்சம் பேர். மின்விசிறி கடகடத்தது. என் வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் அவள் வயசுள்ள ஒரு அம்மா தனியாக வந்து உட்கார்ந்திருந்தார். தறி வீட்டுக்காரர். நூல் வரவில்லை, அதனால் வேலை இல்லை, பொழுது போகவில்லை என்று அவர்களுக்குள் பேச்சு ஓடியது. படத்தில் மார்க்கெட் சண்டை பாதியாகக் குறைந்திருந்தது. லாரி இழுக்கிற இடம் காணவே இல்லை. "எதோ வெட்டியிருக்கான்" என்றேன். "போகுது, அது நமக்கு வேண்டாம்" என்றாள் அவள்.

கடைசிக் காட்சி வந்தது. ஜீப்பில் கதாநாயகன் தாவி ஏறினான். பக்கத்து அம்மா, "ஆத்தாடி, இவன் எதுக்கு இதுல ஏறுறான்?" என்று பதறினார்.

"பயப்படாதீக. விழுவான், ஆனா எந்திரிச்சிருவான்" என்றாள் என் வீட்டுக்காரி.

ஜீப் விழுந்தது. பாறைக்குப் பாறை மோதி உருண்டது. வெடித்தது. கிராமத்து ஜனங்கள் வாயைப் பொத்தி அழுதார்கள். புகை. அவள் நாற்காலி நுனிக்கு வந்து, இரண்டு கையையும் தட்டுவதற்குத் தயாராக வைத்திருந்தாள். புகைக்குள் இருந்து மெதுவாக ஒரு படம் வந்தது. மாலை போட்ட கதாநாயகன் போட்டோ. ஒரு விளக்கு. அதன் மேலேயே பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

விமர்சனங்களைப் பார்த்துப் படக்காரர்கள் கடைசியை வெட்டிவிட்டார்கள் என்பது பிற்பாடு மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழுந்து வருவதைத்தானே எல்லாரும் கேலி செய்தார்கள். அதை எடுத்துவிட்டு அவனைச் சாகடித்துவிட்டார்கள். கேட்டபடி கனம் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கையை இறக்கவில்லை. பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. "பெறகு காட்டுவான்" என்றாள் என்னிடம். திரை வெள்ளையானது. விளக்கைப் போட்டார்கள். இருந்த கொஞ்சம் பேரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் வெள்ளைத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மனசில் ஒன்றும் வைக்காமல், சாதாரணமாகக் கேட்டார். "என்னத்தா, எந்திரிச்சிருவான்னீக?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"எந்திரிக்கலையேத்தா" என்றாள். "எம்புள்ள எந்திரிக்கலையே. எம்புள்ள செத்துப்போச்சே."

நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவளிடம் இருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை, பிள்ளை பெற்றபோதுகூட. அந்த அம்மா பையைக் கீழே போட்டார். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அய்யோ என் மகளே, பெத்த வயிறு என்ன பாடுபடுதோ" என்று தானும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். துட்டி வீட்டில் அழுகிற மாதிரி இரண்டு பேரும் அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஆடி ஆடி அழுதார்கள். "மொகத்தக்கூட எனக்குக் காட்டலையே, கட்டி வச்சே தூக்கிட்டுப் போனாகளே" என்று அவள் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். தொடவில்லை. எனக்கும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குப் பெருக்க வந்த தியேட்டர் ஆள் விளக்குமாற்றோடு ஓடி வந்தார். என் கையில் போன் இருந்ததைப் பார்த்துவிட்டு அவராக ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும்.

"என்னண்ணே, போன் எதுவும் வந்துச்சா? யாரு தவறிட்டாக?"

"எங்க மகன்" என்றேன்.

"அடக் கடவுளே. எப்பண்ணே?"

நான் அவளைப் பார்த்தேன்.

"இப்பத்தான்" என்றேன்.

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். வாசலில் டிக்கெட்டோடு நின்றவர்களிடம், கொஞ்ச நேரம் ஆகும், சத்தம் போடாதீக என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.